கட்டத்தில் டிக், கைக்குள் மாத்திரை

என் கண்ணு மகளுக்கு,

அங்கே நீ, மாப்பிள்ளை, நம் குண்டூசி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் அப்பா பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே உன் அம்மா நலம், முட்டி மட்டும் படி ஏறும்போது பேசுகிறது, அம்மா பதிலுக்கு அதைத் திட்டுகிறாள், இருவரும் எப்படியோ மாடிக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். நானும் நலம் என்று எழுதப் போனேன், தோளுக்குப் பின்னால் நின்றவள், "நலமாகிட்டு வர்றேன்னு எழுதுங்க, இனிமே உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றாள். ஆகவே நலமாகிக்கொண்டு வருகிறேன். இருமல் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, பெல்ட்டைப் பழைய ஓட்டைக்கே கொண்டுவந்துவிட்டேன். முன்னறையின் இரண்டு ஜன்னலும் நாள் முழுக்கத் திறந்து கிடக்கின்றன, என் கட்டில் இப்போது அங்கேதான், சாரல் அடித்தால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறிக்கொள்கிறேன். லாண்டரிக்கு இன்னும் போகவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டரம்மா. முப்பது வருடம் நின்றே வேலை பார்த்த கால்கள், உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்கின்றன.

குண்டூசியின் நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது என்று நீ போனில் சொன்ன அன்று உன் அம்மா பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்றாள். நாலு வயதுப் பிஞ்சு, இங்கே வந்த ஒரு மாதமும் என் மடியை விட்டு இறங்காமல் இஸ்திரிப் பெட்டி ஏன் மூச்சு விடுகிறது, பொத்தானுக்கு ஏன் நாலு கண் என்று குத்திக்கொண்டே இருந்தாள், அதனால்தானே அந்தப் பேர் வைத்தேன், அந்த மாதம்தான் என் இருமலும் ஆரம்பித்தது. நோய் வராமல் தடுக்க அவளுக்கு மருந்து கொடுக்க வேண்டும், ஆனால் எந்த மருந்து என்பது தாத்தாவின் பரிசோதனையைப் பார்த்துத்தான், தாத்தா போன தடவை மருந்தை எப்படிச் சாப்பிட்டார் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள் என்று அங்குள்ள டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். பரிசோதனைக் காகிதத்தை அம்மா படம் எடுத்து அனுப்பிவிட்டாள். அதில் முடிவு இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் என்னிடம்தான் இருக்கிறது. போனில் சொன்னால் நான் சிரித்து மழுப்பிவிடுவேனாம், கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாம் நான், ஆகவே எழுதித்தான் ஆகவேண்டும் என்று அம்மாவின் உத்தரவு. படித்துவிட்டு அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. உன்னிடம் சொல்ல வேண்டியதும் இதற்குள்ளேயே இருக்கிறது, பொறுமையாகப் படி.

முதலில் இந்த ஆஸ்பத்திரி வேடிக்கையைச் சொல்கிறேன். பதினெட்டு வருடம் முன்பு எனக்கு இதே காசநோய் வந்தபோது சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், இருக்கிறது இல்லை என்பார், அவ்வளவுதான். இப்போது கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு டப்பா, அதற்குள் சளியை ஊற்றி ஒரு மெஷினில் செருகுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, நான் அப்போது சாப்பிட்ட அந்தச் சிவப்பு மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, பரிசோதனை அறை ஜன்னலில் தலையை நீட்டி, முகத்தில் மாஸ்க்கோடுதான், அங்கே சோதனை பார்க்கிற அம்மாவிடம் அது எப்படிம்மா கண்டுபிடிக்குது என்று கேட்டேன். கிருமிக்குள்ளே எழுதியிருப்பதை அது படிக்கிறதாம். செத்த கிருமியானாலும் எழுத்து அழியாதே, அப்போ செத்ததையும் உயிரோடு இருப்பதையும் எப்படிப் பிரிக்கும் என்றேன். அந்த அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குப் பிரிக்கத் தெரியாதுங்க ஐயா. முன்னாடி வந்து போனவங்கன்னா அதனாலதான் நாங்க கொஞ்சம் யோசிப்போம். உங்களுக்குப் பதினெட்டு வருசம் ஆச்சு, அவ்வளவு நாள் பொணம் கிடக்காது, இது உயிரோட இருக்கிறதுதான்" என்றார். அப்படியும் சளியில் கொஞ்சத்தை விதை போடுவது போலப் போட்டு வளர்கிறதா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், செத்தது வளராது இல்லையா, அந்த முடிவு வர ஆறு ஏழு வாரம் ஆகும். இவ்வளவு காலம் சும்மா இருந்தது இப்போது ஏன் எழுந்தது என்றும் கேட்டேன். போன வருடம் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது அல்லவா, அது வந்து கதவைத் தட்டியிருக்கும், இது முழித்துக்கொண்டிருக்கும் என்றார்கள்.

அடுத்து டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, இதுக்கு முன்னாடி இந்த மருந்து சாப்பிட்டிருக்கீங்களா, எத்தனை மாதம், இடையில் விட்டீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு தடவை சாப்பிட்டவர்களை இவர்கள் தனி வரிசையில் வைக்கிறார்கள், கேள்வியும் அதிகம், பரிசோதனையும் அதிகம். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ பதினொரு வயதில் லாண்டரிப் பார்சல் காகிதத்தில் அடிக்கோல் வைத்து நூற்று எண்பது கட்டம் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாயே, அந்தத் தாள். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல் உன் டிக், கடைசிக் கட்டத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற சூரியன். இன்று கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற பெண்ணின் முதல் வரைபடம் அதுதான் என்று அம்மா அதை இத்தனை வருடம் சேலை அடுக்குக்குக் கீழே வைத்திருந்தாள். "எம்பொண்ணு பக்கத்துலயே நின்னு கொடுத்தா டாக்டர், ஒரு நாள் கூட விடல" என்றாள். டாக்டரம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, இந்த மாதிரி எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தால் எனக்கு வேலையே இருக்காது என்றார். பக்கத்து அறையிலிருந்து மருந்து கொடுக்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். படிவத்தில் "முழுமையாக முடித்தவர்" என்று எழுதினார். நான் தலையை ஆட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் சோற்றைக்கூடத் தேடவில்லை, தலையை ஆட்டியே மறைத்துவிட்டேன்.

சிவப்புக்குக் கட்டுப்படுகிறது என்று மெஷின் சொல்லிவிட்டதால் அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள். ஆனால் இன்னொரு பரிசோதனைக்கும் சளி போயிருக்கிறது, மற்ற மருந்துகளையும் விசாரித்துவிட்டுத்தான் இதே மாத்திரையா வேறா என்று சொல்லமுடியும் என்றார் டாக்டரம்மா. நம் லாண்டரியில் பாய்லர் பார்த்த பெரியவர் ஞாபகம் இருக்கிறதா, உனக்குக் காகிதக் கப்பல் செய்து தருவாரே, அவருக்கு இரண்டாம் தடவை வந்தபோது இரண்டு மாதம் தினமும் ஊசி போட்டார்கள், உட்காரமுடியாமல் சாக்கு மூட்டை மேல் ஒருக்களித்துக் கிடப்பார், கடைசியில் காதும் மந்தமாகிவிட்டது. எனக்கும் அந்த ஊசியா என்று கேட்டேன். அது பழைய வழக்கமாம். இரண்டாம் தடவை என்றால் எல்லோருக்கும் பழைய மருந்தோடு ஊசி ஒன்றைக் கூட்டிக் கொடுத்துவிடுவார்களாம், கிருமியை ஒரு வார்த்தை கேட்பதே இல்லை. "ஏற்கெனவே தோத்துக்கிட்டிருக்கிற மருந்துங்க கூட ஒரே ஒரு புது ஆளைச் சேர்த்து அனுப்பினா, அந்த ஆளும் தோத்துட்டு வருவான் ஐயா. இப்போ முதல்ல கிருமியைக் கேட்கிறோம், அப்புறம்தான் மருந்து" என்றார். கிருமியைக் கேட்பது என்ற பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அது என்னைப் பற்றி என்ன சொல்லிவிடுமோ என்ற பயமும் அப்போதுதான் வந்தது.

இரண்டு வாரத்தில் சொல்லிவிட்டது. அந்த இரண்டாம் பரிசோதனை ஒரு காகிதப் பட்டை, உன் அடிக்கோல் அகலம்கூட இராது, அதில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடுகள். எந்தக் கோடு தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்து எந்த மருந்து பலிக்கும் என்று சொல்கிறார்கள். சிவப்பு பலிக்கும், அது மறுபடியும் உறுதி. வெள்ளை மாத்திரை, அந்தச் சின்னது, பொத்தான் அளவில் இருக்குமே, அது பலிக்காது. கிருமி அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. டாக்டரம்மா ஒரு கையில் பட்டையின் முடிவும் இன்னொரு கையில் உன் தாளுமாக மாற்றி மாற்றிப் பார்த்தார். நீங்கள் ஒழுங்காக முடித்தவர், உங்கள் பழைய கிருமிக்கு இதைக் கற்க வாய்ப்பில்லை, அப்படியானால் வேறு யாரிடமிருந்தோ புதிதாக ஒட்டியிருக்கவேண்டும், உங்களைச் சுற்றி யார் இருமுகிறார்கள் என்று கேட்டார். லாண்டரியில் இருமாதவர் யார், பஞ்சுத் தூசிக்கு எல்லோரும்தான் இருமுகிறோம். ஆனாலும் கேட்டதும் வாய் தானாக, மடிப்பு மேஜையில் ஒரு அக்கா வருசம் பூரா இருமுவாங்க என்றது. மடிப்பு அக்காவை உனக்குத் தெரியும், சட்டைக் காலர் அட்டையில் உனக்கு வீடு கட்டித் தருவார். அடுத்த நாளே லாண்டரியில் எல்லோரையும் பரிசோதிக்க ஆள் போயிற்று. அது எப்படியும் போகவேண்டியதுதான், ஆனால் வந்தவர் அக்காவைத் தனியாக விசாரித்ததும் முதலாளி அவரை மட்டும் முடிவு வரும்வரை வராதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இனி நடந்ததைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். அக்காவை அனுப்பியது உறுத்தியது, உண்மை. ஆனால் என்னை ஆஸ்பத்திரிக்கு மறுபடி இழுத்துக்கொண்டு போனது உறுத்தல் மட்டும் இல்லை, ஒரு கேள்வி. மூன்று நாள் அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே உருட்டினேன். நான் ஏமாற்றியது சிவப்பை. வெள்ளையை ஒரு நாள் கூட விட்டதில்லை. அப்படியிருக்க ஏமாற்றப்பட்ட சிவப்பு இன்னும் எனக்காக உழைக்கிறது, ஒழுங்காக விழுங்கின வெள்ளை கையை விரித்துவிட்டது, இது என்ன நியாயம். கணக்கு தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும். கேட்காமல் இருக்கமுடியவில்லை. கேட்கவேண்டுமானால் நான் செய்ததைச் சொல்லவேண்டும், சொல்லாமல் அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்க வழியில்லை. நான்காம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், மாத்திரை முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் கூட வந்துவிட்டாள்.

என்ன செய்தேன் என்று இப்போது உனக்குச் சொல்லவேண்டும் கண்ணு. முதல் இரண்டு மாதம் நான் வீட்டில் கிடந்தேன், நாலு வகை மாத்திரை, நீ டம்ளரோடு நிற்பாய், நான் விழுங்குவேன், அந்த அறுபது கட்டமும் சத்தியம். அதற்குப் பிறகு இரண்டே வகை, சிவப்பும் வெள்ளையும், நானும் வேலைக்குத் திரும்பினேன். நோய் என்று முதலாளியிடம் சொல்லவில்லை, மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தேன். திரும்பின முதல் வாரமே ஒரு வெள்ளை மேலங்கிக்கு நீராவி கொடுத்துக்கொண்டிருந்தபோது மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது, விழுந்த இடம் ஆரஞ்சு, சிவப்பு மாத்திரையின் சாயம். கண்முன்னே பார்க்கிறேன், கை நிற்கவில்லை, பெட்டி அதன் மேல் போய்விட்டது. சூடு பட்ட கறை குடியேறிவிடும், காலி செய்யாது, இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்த மாதம் அப்படி மூன்று உருப்படி. முதலாளி எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, யார் துணி மேல வெத்தலை எச்சில் துப்பறது என்று கத்தினார், நான் வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன், சுத்தமாக இருந்தது. நெற்றியில் துணி கட்டிப் பார்த்தேன், துணி ஆரஞ்சானது, சொட்டு நிற்கவில்லை. வாரத்தில் நாலு நாள் வெள்ளைத் துணி, மூன்று நாள் கலர். கலர் நாளில் என் வியர்வை யாருக்கும் தெரியாது. வெள்ளை நாளில் சிவப்பை விட்டுவிட்டால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. ஒன்றுதானே விடுகிறோம், இன்னொன்றை விழுங்குகிறோமே, பாதிக்குப் பாதி பலன் இருக்காதா என்று எண்ணிக்கொண்டேன். அரைக் கிணறு தாண்டுகிறவன் விழுவது பாதிக் கிணற்றில் அல்ல, முழுக் கிணற்றில்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த நாட்களில் நீ பள்ளிக்கூடச் சீருடையில் டம்ளரோடு நிற்பாய். நான் உள்ளங்கையை நீட்டிக் காட்டுவேன், சிவப்பு ஒன்று வெள்ளை ஒன்று. வாய்க்குக் கொண்டுபோகும்போது சிவப்பு மட்டும் கட்டைவிரல் மடிப்புக்குள் தங்கிவிடும். பொத்தானைக் கைக்குள் மறைத்து உனக்கு வித்தை காட்டுவேனே, அதே வித்தைதான். நீ டிக் போட்டுவிட்டு ஓடுவாய். நான் அதை லாண்டரிக் கழிவு வாய்க்காலில் போட்டுவிடுவேன், ஒரு நாள் தண்ணீர் ஆரஞ்சாக ஓடி, எந்தத் துணியோ சாயம் போகிறது என்று துவைக்கிறவர் ஒரு தொட்டித் துணி முழுவதையும் வெளியே இழுத்து ஒவ்வொன்றாகப் பிழிந்து பார்த்தார். நானும் கூட நின்று தேடினேன். அன்று சிரிப்பாக இருந்தது.

இதை எல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லி முடித்து, இப்போ சொல்லுங்க, ஏமாத்தினது ஒண்ணு, போனது இன்னொண்ணு, அது எப்படி என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். லட்சக்கணக்கான கிருமியில் வெள்ளை மாத்திரையைச் சட்டை பண்ணாத ஒன்றிரண்டு பிறவியிலேயே இருக்குமாம். சிவப்பும் கூடப் போனால் அந்த ஒன்றிரண்டைச் சிவப்பு தீர்த்துவிடும், அதனால்தான் சேர்த்துக் கொடுக்கிறார்கள், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்க. நான் வாரத்தில் நாலு நாள் வெள்ளையைத் தனியாக அனுப்பினேன். அது தன் வேலையைச் செய்தது, தன்னால் முடிந்ததை எல்லாம் கொன்றது, முடியாத அந்த ஒன்றிரண்டுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டது. "தனியா யாரைப் பழகவிட்டீங்களோ அவனைத்தான் அது படிச்சுக்கிச்சு. சிவப்பு எப்பவும் துணையோடவே போச்சு, அதனால தப்பிச்சது. ஆனா அதுவும் போயிருக்கலாம் ஐயா, போயிருந்தா நாம இப்போ வேற பேச்சுப் பேசிக்கிட்டிருப்போம். உங்களுக்கு ரொம்ப அதிர்ஷ்டம்" என்றார். பதில் கிடைத்த சந்தோஷத்தில் அடடா என்று மேஜையில் தட்டிவிட்டேன். அப்புறம்தான் பக்கத்து நாற்காலியில் உன் அம்மா இருப்பது ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா படிவத்தில் "முழுமையாக முடித்தவர்" என்பதை அடித்துவிட்டு நான் சொன்னதை எழுதிக்கொண்டார். மாத்திரை மாற்றம் பட்டையின் முடிவு வந்த அன்றே ஆகிவிட்டது. இப்போது நாலு மருந்தையும் ஒன்றாக அமுக்கி ஒரே மாத்திரையாகத் தருகிறார்கள், கூடவே புதிதாக ஒன்று, மொத்தம் ஆறு மாதம். பலிக்காத வெள்ளையும் அதற்குள் இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டேன், சேர்ந்தே வருகிறது, கிடந்துவிட்டுப் போகட்டும், மற்ற மூன்றும் புதியதும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார். ஒரே மாத்திரையாகச் செய்தது ஏன் தெரியுமா, உங்களைப் போல ஒருத்தர் பொறுக்கி எடுக்கக் கூடாதென்றுதான் என்று மருந்து கொடுக்கிற அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார், வாங்கிக் கட்டிக்கொண்டேன். மடிப்பு அக்காவுக்கு ஒன்றுமில்லை, தூசி இருமல்தான், சோதனை சுத்தம், ஆறு நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அக்காவின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன், முதலாளியிடமும் சொன்னேன். அக்கா, அந்த மூன்று வெள்ளைக் கோட்டுக்கு நான் வெத்தலையையே விட்டேனேப்பா என்றார். அந்த மாதம் அவர்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகமாம், பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியாது.

உன் அம்மா அன்று பஸ்ஸில் ஐந்து நிறுத்தம் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஆறாவது நிறுத்தத்தில், "எம்பொண்ணு ஒவ்வொரு நாளும் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே" என்றாள். இரண்டு நாள் பேச்சு அதோடு சரி, சாப்பாடு மட்டும் வந்தது. எனக்கு எந்தத் திட்டும் அப்படிச் சுட்டதில்லை. முதலாளிக்குப் பயந்தேன், கறைக்குப் பயந்தேன், பதினொரு வயதுப் பிள்ளையை ஏமாற்றப் பயப்படவில்லை. அப்பாவைக் காப்பாற்றியது நான்தான் என்று நீ உன் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியும், அதைக் கேட்கும்போதெல்லாம் பெருமையாகவும் இருக்கும், உள்ளே ஒரு முள்ளும் இருக்கும். நீ போட்ட டிக் ஒவ்வொன்றும் சரி கண்ணு, அவற்றில் ஐம்பத்தொன்றை நான் பொய்யாக்கினேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

மூன்றாம் நாள் அம்மா உன் தாளை மேஜையில் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கத்தில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டாள். கோடு கோணல்தான், உன் கை அவளுக்கு வராது. தினமும் காலை மாத்திரை விழுங்கினதும் உள்ளங்கை இரண்டையும் விரித்துத் திருப்பிக் காட்டவேண்டும், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவேண்டும், அப்புறம் வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் டிக். போலீஸ் சோதனை தோற்றுவிடும். இருபத்தி மூன்று கட்டம் ஆகியிருக்கிறது.

இப்போது குண்டூசி விஷயம். டாக்டர் அங்கே இருப்பவர், பார்த்துத் தீர்மானிக்கவேண்டியவர் அவர்தான். ஆனால் இங்குள்ள டாக்டரம்மா சொன்னதை அவரிடம் அப்படியே சொல். வழக்கமாகப் பிள்ளைகளுக்கு நோய் தடுக்கக் கொடுப்பது அந்த வெள்ளை மருந்துதானாம். தாத்தாவின் கிருமி அதற்கு அசையாது என்பதால் அதைக் கொடுத்தால் நம் பிள்ளைக்குப் பலன் இருக்காது, அநேகமாகச் சிவப்பு மருந்தைத்தான் நாலு மாதம் கொடுப்பார்கள் என்றார். தாத்தா வெள்ளையை ஒரு நாளும் விடவில்லை, சிவப்பைக் கடைசி மூன்று மாதத்தில் பாதி நாள் விட்டார், ஆனாலும் சிவப்பு பலிக்கும் என்று இரண்டு பரிசோதனையும் சொல்கின்றன என்று மறைக்காமல் சொல்லிவிடு, உனக்கு வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே நீட்டிவிடு. நீயும் மாப்பிள்ளையும் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டீர்களா, நீயும்தான் ஒரு வாரம் இங்கே தங்கினாய், தள்ளிப்போடாதே. வளர்க்கப் போட்ட சோதனையின் முடிவு இன்னும் ஓரிரு வாரத்தில் வரும், வந்ததும் அந்தக் காகிதத்தையும் அம்மா அனுப்புவாள்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். நோய் நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் நெடுங்காலம் இருங்கள். மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல், முதுகு வலிக்கு நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா என்று கேள். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். சிவப்பு மருந்து தொடங்கினால் குண்டூசியின் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், ஓடி விளையாடினால் வியர்வையும், அழுதால் கண்ணீரும்கூட அப்படித் தெரியலாம், பயப்படாதே, மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அடுத்த வாரம் அவளுக்குப் பள்ளிக்கூடம், வெள்ளைச் சட்டை என்று சொன்னாய். கழுத்துப்பட்டையில் அந்த ஆரஞ்சு பட்டால் பிள்ளையைத் திட்டாதே, இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதே. மடித்து எனக்கு அனுப்பு, கறையை எடுத்துத் தருகிறேன். எடுக்க வராவிட்டால் அப்படியே போட்டுக்கொண்டு போகட்டும், தாத்தா பார்க்க ஆசைப்படுவது அந்தச் சட்டையைத்தான்.

இருபத்தி மூன்று கட்டமும் கை விரித்துக் காட்டிய
உன் அப்பா